ஓத அட்டவணை

மட்டியில் எத்தனை வகை என்று கேளுங்கள்,
ஓட்டைத் தடவியே பெயர் சொல்வேன்.
கம்பாதோஸ் கரையில் முப்பத்தொரு வருடம்
குனிந்து மணலைக் கீறிய கை இது.
ஆனால் டாக்டர் உஷியாவின் அறையில்
எரிகிறது என்றேன்,
எங்கே என்றார்,
ஜன்னலைப் பார்த்தேன்.

எங்கள் கலீசியப் பேச்சில்
அதற்கும் மட்டி என்றுதான் பெயர்.
மகள் வயதுப் பெண்ணிடம்
எப்படிச் சொல்வது?
"அங்கே" என்றேன்.
அவரும் பெருந்தன்மையாய்
"அங்கே எவ்வளவு நாளாய்?" என்றார்.

நான்கு வருடம்.
ரப்பர் உடுப்புக்குள் உப்புத் தண்ணீர் நுழையும்போதெல்லாம்
பல்லைக் கடித்தேன்.
மணிக்கொரு தரம் முட்டிக்கொண்டு வரும்;
ஜிப்பை இறக்கி உடுப்பை உரிப்பதற்குள்
பாதி போய்விடும்.
பனிக்காலம் என்றேன், வயது என்றேன்,
மூன்று பெற்ற உடம்பு என்றேன்.
இரவில் ராமீரோ பக்கம் திரும்பினால்
முதுகுவலி என்றேன்.
முதுகுக்கு அவன் வாங்கி வந்த தைலங்கள்
அலமாரியில் ஒரு தட்டு நிறைய.

உள்தோல் மெலிந்துவிட்டது என்றார் டாக்டர்.
நின்றுபோன மாதவிலக்கு
போகும்போது ஈரத்தையும் கொண்டுபோய்விட்டதாம்.
பொறுத்துக்கொள்ளணும்னு சட்டமா என்ன, என்றார்.
அப்படி ஒரு சட்டம் இருப்பதாகவே
நான் நினைத்திருந்தேன்.
ஈஸ்ட்ரோஜென் களிம்பு:
இரண்டு வாரம் தினமும் இரவில்,
பிறகு வாரத்துக்கு இரண்டு முறை.
உடனே கேட்காது, பொறுமை வேண்டும்.
ஓதம் வடியக் காத்திருப்பவளிடம்
பொறுமையைப் பற்றிச் சொல்கிறார்.

எங்கள் ஊர் மருந்துக்கடை பிராயிஸ்
என் ஞானப்பிள்ளை.
ஆகவே பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போனேன்.
தலையில் துண்டு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி,
வெளியே கொட்டும் மழை.
வரிசையில் எனக்கு முன்னால்
இன்னொரு கறுப்புக் கண்ணாடி.
தோசிந்தா.
பதினெட்டு வருடமாய் என் வாளிக்குப் பக்கத்து வாளி.
"முதுகா?" என்றாள்.
"முதுகுதான். உனக்கு?"
"எனக்கும் முதுகு."
கடைப்பெண் ஒரே மாதிரி இரண்டு டப்பாவைப்
பக்கம் பக்கமாய் வைத்தாள்.
திரும்பும் பஸ்ஸில் வழி நெடுகச் சிரித்தோம்.
சிரித்ததில் எனக்குக் கொஞ்சம் கசிந்தது.
அதற்கும் சிரித்தோம்.

முதல் இரவு
குளியல் தொட்டியின் விளிம்பில் ஒரு கால்.
கேக்குக்குப் பூப்போடும் குழல் மாதிரி
வெள்ளைப் பிளாஸ்டிக்.
கோடு வரை இழுத்து, மெல்ல உள்ளே தள்ளி,
குளிர்ந்தது.
மிச்சத்தை வெளியே விரலால் தடவினேன்,
வெடித்த உதட்டுக்கு வெண்ணெய் வைப்பதுபோல.
ஐம்பத்தாறு வயதில்
அதனிடம் நான் காட்டிய முதல் கருணை.

நாள் மறக்காதிருக்க
சங்கம் தரும் ஓத அட்டவணையில்
திங்களுக்கும் வியாழனுக்கும் பெருக்கல் குறி போட்டேன்.
ராமீரோ பார்த்துவிட்டு
"இந்த நாளெல்லாம் கடல் மோசமா?" என்றான்.
அன்றுதான் சொன்னேன்,
முதுகு இல்லை என்று தொடங்கி
முழுவதையும்.
வெகுநேரம் அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"அப்போ அந்தத் தைலமெல்லாம்?"
"உன் முழங்காலுக்குப் போட்டுக்கோ."

ஏழாவது வாரம், விடியல்,
இடுப்பளவு தண்ணீர்.
உப்பு உள்ளே வந்தது.
பல்லைக் கடிக்கத் தயாராய் நின்றேன்,
நின்றுகொண்டே இருந்தேன்.
தோசிந்தா மணல்வாரியை நிறுத்தி
"எனக்கு இன்னும் லேசா எரியுது" என்றாள்.
"இன்னும் ரெண்டு வாரம் பாரு."
அந்தப் பக்கம் குனிந்திருந்த ரெமேதியோஸ்
நிமிராமலே கேட்டாள்:
"எதைப் பத்திப் பேசுறீங்க?"
"மட்டியைப் பத்தி."
"எந்த மட்டி?"
டாக்டரிடம் சொல்லாததை
கரை வரைக்கும் கேட்கச் சொன்னேன்.